புல்வெட்டியும் முயல்காய்ச்சலும்: மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் நடந்த ஒரு நோய்ப்பரவல்

2000-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் 15 பேருக்குத் துலரீமியா, அதாவது முயல்காய்ச்சல் என்ற பாக்டீரியா நோய், வந்தது. அதில் 11 பேருக்கு நோய் எடுத்த எடுப்பிலேயே நுரையீரலைப் பிடித்திருந்தது. ஒருவர் இறந்தார். எண்ணிக்கை என்று பார்த்தால் பெரிதில்லை. ஆனால் துலரீமியா நுரையீரலில் தொடங்கி, கூட்டமாகப் பலருக்கு வந்ததாக அமெரிக்காவில் அதற்கு முன் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. அது 1978-இல். அதே தீவில்.

அவ்வளவு பெரிய நாட்டில், 22 ஆண்டு இடைவெளியில், இரண்டு முறையும் ஒரே தீவு. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. தீவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தேடப் போனவர்களுக்குக் கிடைத்த விடைகள், காட்டு விலங்கிலிருந்து மனிதனுக்கு வரும் நோய்களைப் பற்றி நாம் வழக்கமாக வைத்திருக்கும் எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கின்றன. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதத் தோன்றியது.

முதலில் நோயைப் பற்றி. இதைக் கண்டுபிடித்த கதையே பிளேக்கில் தொடங்குகிறது. 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் தலைகாட்டியது. அந்தப் பக்கத்துத் தரையணில்களிடமும் பிளேக் இருந்தது. அணில்களை அறுத்துச் சோதித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் மெக்காய், பிளேக் மாதிரியே தெரிந்தும் பிளேக் அல்லாத ஒரு நோயைக் கவனித்து 1911-இல் எழுதினார். மறுவருடம் அவரும் சார்லஸ் சேப்பினும் கிருமியைப் பிரித்தெடுத்து, கலிபோர்னியாவின் துலாரே மாவட்டத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். பிறகு எட்வர்ட் ஃபிரான்சிஸ் என்ற மருத்துவர், யூட்டா மாநிலத்தில் ஈக்கடியால் வந்த காய்ச்சலும் முயல் உரிப்பவர்களுக்கு வந்த காய்ச்சலும் ஒரே நோய்தான் என்று காட்டினார். அவருக்கே அந்த நோய் வந்தது. அவருடைய ஆய்வகத்தில் மட்டும் ஆறு பேருக்கு வந்து, 1922-இல் அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே வெளியானது. இன்று அந்தக் கிருமியின் பெயர் ஃபிரான்சிசெல்லா துலரென்சிஸ்.

ஆய்வகத்தில் இருந்தவர்களை அது இப்படி வாரிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. மூச்சு வழியாக உள்ளே போனால் பத்துக் கிருமிகளே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் தேவைப்படும். அமெரிக்காவில் 1939-இல் மட்டும் 2,291 பேருக்குத் துலரீமியா வந்ததாகப் பதிவு, உச்சம் அதுதான். முயல் வேட்டை குறையக் குறைய நோயும் குறைந்தது. 1990 முதல் 2000 வரை எடுத்தால் 44 மாநிலங்களில் 1,368 பேர், ஆண்டுக்குச் சராசரியாக 124. ஆர்கன்சா, மிசூரி, தெற்கு டகோட்டா, ஓக்லஹோமா ஆகிய நான்கு மாநிலங்களில் மட்டும் பாதிக்கும் மேல். மாசசூசெட்ஸ் இந்தப் பட்டியலில் முன்னால் வரும் மாநிலமே அல்ல.

இங்கே முயல் கதைக்கு வர வேண்டும். 1930-களில் மாசசூசெட்ஸின் கேப் காட் கரையோரப் பகுதியிலும் பக்கத்துத் தீவுகளிலும் வேட்டைக்கு முயல் போதவில்லை என்று, வேட்டைக் கழகங்கள் அமெரிக்காவின் உள்நாட்டுப் பகுதிகளிலிருந்து காட்டன்டெயில் முயல்களை வரவழைத்து விட்டன. மிசூரி, ஆர்கன்சா பக்கத்து முயல்கள். துலரீமியா எங்கே அதிகம் என்று மேலே சொன்ன பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். தீவுக்கு இந்தக் கிருமி வந்த வழி இதுதான் என்று பரவலாகக் கருதப்படுகிறது. ஒரு விளையாட்டுக்காக மனிதர்கள் ஏற்றி இறக்கிய சரக்கோடு சேர்ந்து வந்த நோய். காட்டு விலங்கு நமக்கு நோய் தருகிறது என்று சொல்வது சுலபம். அந்த விலங்கை அங்கே கொண்டுபோய் விட்டது யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுதாகும்.

சரி, தீவு. சுமார் 30 கிலோமீட்டர் நீளம். 2000-இல் நிரந்தரமாக வசித்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். கோடை வந்தால் லட்சத்தைத் தாண்டும். வசதி படைத்தவர்களின் கோடை வீடுகள், அவற்றைச் சுற்றி வெட்டிச் சீராக்கிய புல்தரை, அதைத் தாண்டினால் புதர்க்காடு, மணல்மேடு, உவர்நீர்க் குளங்கள். இத்தனை வீடுகளின் புல்லை வெட்டி, புதரைக் கழித்து, இலையைக் கூட்டுவதற்கென்றே பெரிய தொழிலாளர் கூட்டம் ஒன்று அங்கே உண்டு. இந்தக் கூட்டம் கதைக்கு முக்கியம்.

1978-இல் நடந்தது சின்ன வட்டம். ஒரு கோடைக் குடிலில் தங்கியிருந்த ஏழு பேருக்கு நுரையீரல் துலரீமியா. யாரும் முயல் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. விசாரித்தவர்களின் சந்தேகம் நாய்கள்மேல் போனது. வெளியே சுற்றி, செத்த முயலிலோ புதரிலோ கிருமியை ஒட்டிக்கொண்ட நாய், நனைந்து வந்து வீட்டுக்குள் உடலை உதறினால் அந்தத் துளிகளை எல்லாரும் சுவாசித்திருக்கலாம் என்பது ஊகம். நிரூபிக்க வழியில்லை. ஆனால் ஒரு விஷயம் அன்றே தெளிவு: கிருமி காற்றில் வந்திருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்ல முடிந்தது என்றால், துலரீமியா எந்த வாசல் வழியாக நுழைகிறதோ அந்த வாசலில் அடையாளத்தை விட்டுச் செல்லும் நோய். முயலை உரித்த கையில் கீறல் இருந்தால், அந்த இடத்தில் ஆறாத புண், அக்குளில் நெறிகட்டும். உண்ணி தொடையில் கடித்தால் புண் தொடையில், நெறி தொடை இடுக்கில். கிருமி பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கண். கெட்ட தண்ணீரைக் குடித்தால் தொண்டை. புண்ணும் இல்லை, நெறியும் இல்லை, நுரையீரல் மட்டும் என்றால், பெரும்பாலும் சுவாசித்திருக்கிறார்கள். 15 பேரில் 11 பேருக்கு அப்படி என்பது தனியொரு ஆளின் துரதிர்ஷ்டமாக இருக்க முடியாது. காற்றில் எதுவோ எழும்பியிருக்கிறது.

2000-இல் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சிடிசி என்கிற நடுவண் நோய்க்கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து விசாரணையில் இறங்கின. இறந்தவரின் இரத்தத்திலும் நுரையீரலிலும் கிருமி வளர்ந்தது. ஏ வகை. வட அமெரிக்காவில் மட்டுமே காணப்படுவதும், துலரீமியாவில் மிகக் கொடியதும் அதுதான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன் இந்த வகை நுரையீரலில் இறங்கினால் நூற்றில் 30 முதல் 60 பேர் வரை இறந்ததாகப் பழைய கணக்கு.

அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்த நிகழ்வின் மையம். நோய் வந்தவர்களையும், அதே தீவில் நோய் வராமல் இருந்தவர்களையும் எடுத்து, கடந்த இரண்டு வாரத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒப்பிட்டபோது தனித்துத் தெரிந்தது புல்வெட்டும் மெஷின் அல்லது புதர்வெட்டும் மெஷினைக் கையாண்டது. நோயாளிகளிடம் இது இருந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 9.2 மடங்கு. மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தும் இந்தத் தொடர்பு நின்றது. புள்ளிவிவரம் பழகியவர்கள் உடனே அடுத்த எண்ணைக் கேட்பார்கள்: நம்பக இடைவெளி, அதாவது உண்மையான மடங்கு இருக்கக்கூடிய எல்லை, 1.6-லிருந்து 68 வரை. வெறும் 15 நோயாளிகளை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் அகலமாக வரும். எத்தனை மடங்கு என்பதை அந்த எண்ணை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. திசை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

இந்தத் திசை புதிதும் அல்ல. புல்வெட்டி ஒரு முயல்மேல் ஏறியதால் துலரீமியா வந்த இரண்டு பையன்களைப் பற்றி 1990-இலேயே குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருந்தார்கள். ஆனால் வின்யார்டில் வெட்டியவர்கள் எல்லாரும் முயலை அரைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முயல் செத்து மட்கிய இடம், நோயுற்ற விலங்கின் கழிவு, ஈரமண் என்று எதில் வேண்டுமானாலும் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேலே சுழலும் கத்தி அதைப் பொடியாக்கித் தூக்கிவிடுகிறது. பின்னால் நடந்து வருபவர் சுவாசிக்கிறார். பத்துக் கிருமி போதும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

என் பார்வையில் இங்கேதான் பாடம் மாறுகிறது. காட்டு விலங்கு நோய் என்றதும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த மிருகத்தைத் தொட்டாய், எது கடித்தது என்பது. வின்யார்டில் அந்தக் கேள்வியோடு நின்றிருந்தால் வழக்கு அங்கேயே படுத்திருக்கும். பதில் கிடைத்தது, என்ன வேலை செய்தாய் என்று கேட்டதில்.

மிருகங்களையும் விடாமல் சோதித்தார்கள். முதல் விசாரணையில் கிடைத்தது சொற்பம்: வரிபோட்ட ஸ்கங்க் ஒன்று, நார்வே எலி என்ற பழுப்பு எலி ஒன்று, இரண்டின் இரத்தத்தில் மட்டும் துலரீமியாவுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள். ஸ்கங்க் என்பது, மிரண்டால் குமட்டும் நாற்றத்தைப் பீய்ச்சி அடிக்கும் அந்தக் கறுப்பு வெள்ளை விலங்கு. முயல்காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டு, முயலைக் காணோம்!

இந்தப் புதிர் 2006-இல் தெளிவானது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாம் டெல்ஃபோர்ட் குழுவினர் தீவின் பல விலங்குகளின் இரத்தத்தைப் பார்த்தார்கள். ஸ்கங்குகளிலும், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை கொண்ட ரக்கூன் என்ற விலங்குகளிலும் ஆன்டிபாடி அடிக்கடி தென்பட்டது. வெண்பாத எலி, மான், நாய், பழுப்பு எலி, ஏன், காட்டன்டெயில் முயலில்கூட அப்படி இல்லை. முதல் பார்வைக்கு முயல் குற்றமற்றது போலத் தோன்றும். விஷயம் நேர் எதிர். ஆன்டிபாடி என்பது நோயைத் தாண்டிப் பிழைத்த உடலில் இருக்கும் தடயம். ஏ வகைத் துலரீமியா பிடித்த முயல் பிழைப்பதில்லை. சில நாட்களில் உடல் முழுக்கக் கிருமியோடு புதருக்குள் செத்துக் கிடக்கும். நீங்கள் வலைவைத்துப் பிடிக்கும் முயல், இன்னும் நோய் வராத முயல். அதன் இரத்தம் ஒன்றும் சொல்லாது. ஸ்கங்கும் ரக்கூனும் நோயை வாங்கிக்கொண்டு நடமாடுகின்றன. ஆகவே ஓர் இடத்தில் கிருமி இருக்கிறதா என்று கண்காணிக்க வேண்டுமானால் இவற்றைப் பாருங்கள் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

‘கடத்தி’ (கிருமியை இன்னொருவருக்குக் கொண்டுசேர்ப்பது) என்றும் ‘கொள்விலங்கு’ (கிருமியை நெடுநாள் வைத்திருப்பது) என்றும் பாடப்புத்தகம் போடும் கட்டங்கள் இங்கே கலைந்துபோகின்றன. முயல் கிருமியைப் பெருக்குகிறது, ஆனால் நீண்ட நாள் வைத்திருப்பதில்லை. ரக்கூன் வைத்திருந்த சான்றைக் காட்டுகிறது, ஆனால் அது மனிதனுக்கு நேராகக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அப்படியானால் ஆண்டுக்கு ஆண்டு, குளிர்காலம் தாண்டியும் கிருமியைக் காப்பாற்றி வைத்திருப்பது எது?

டெல்ஃபோர்டும் அவர் குழுவைச் சேர்ந்த ஹைடி கோதர்ட்டும் உண்ணிகளைக் கை காட்டுகிறார்கள். அமெரிக்க நாய் உண்ணி என்று ஒரு இனம். நம் ஊர் நாய்களின் காதில் மொய்ப்பது வேறு. இது குஞ்சுப் பருவத்தில் எலிகளிடமும், வளர்ந்தபின் ஸ்கங்க், ரக்கூன், நாய் போன்றவற்றிடமும் இரத்தம் குடிக்கும். மனிதன் வந்தால் மனிதனையும் விடாது. 2001 முதல் தீவில் ஆயிரக்கணக்கான உண்ணிகளைப் பொறுக்கிச் சோதித்ததில் நூற்றுக்கு ஒன்றில்கூடக் கிருமி இல்லை. ஆனால் தொற்றுள்ளவை எல்லா இடத்திலும் தூவினாற்போல் இல்லாமல், குறிப்பிட்ட சில திட்டுகளில் குவிந்திருந்தன. அந்த உண்ணிகளில் இருந்த கிருமிகளின் மரபணு அடையாளங்களைப் பார்த்தால், அத்தனை சின்னத் தீவுக்குள் வியக்கத்தக்க வேறுபாடு. நேற்று எங்கிருந்தோ வந்து பரவியதென்றால் எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும். இவ்வளவு கிளை பிரிந்திருக்கிறது என்றால், கிருமி நெடுங்காலமாக அங்கே குடியிருந்து பெருகிவருகிறது என்று பொருள். தீவின் உவர்நீர்க் குளங்களையும் அதே குழு விட்டுவைக்கவில்லை. நன்னீரைவிட உவர்நீரில் ஏ வகைக் கிருமி கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கிறது என்று 2011-இல் எழுதினார்கள். வின்யார்டில் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு இதுவும் பதிலின் ஒரு துண்டாக இருக்கலாம்.

மரபணு வேறுபாட்டுக்கு இன்னொரு பயனும் இருந்தது. 2001 நவம்பர் கடைசியில் இந்த நோய்ப்பரவல் பற்றிய கட்டுரை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தபோது, அமெரிக்கா ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடியோடு தபாலில் வந்த கடிதங்களின் பீதியில் இருந்தது. துலரீமியாக் கிருமியை அமெரிக்க ராணுவமே ஒருகாலத்தில் ஆயுதமாகக் குவித்து வைத்திருந்தது, 1973-க்குள் அழித்துவிட்டார்கள். ஐம்பது லட்சம் பேர் வாழும் நகரத்தின்மேல் 50 கிலோ தூவினால் இரண்டரை லட்சம் பேர் படுத்து, 19,000 பேர் இறப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1970-இல் மதிப்பிட்டிருந்தது. அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலிருந்து 1994-க்குப் பிறகு விடுபட்டிருந்த துலரீமியா, 2000-இல் திரும்பச் சேர்க்கப்பட்டதற்கும் ஆயுதமாகிவிடும் என்ற இந்த அச்சமே காரணம். அப்படிப்பட்ட நேரத்தில், ஒரு தீவில் நுரையீரல் துலரீமியா கூட்டமாக வந்தால் அது இயற்கையா, யாராவது செய்ததா என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். உண்ணிகளில் கண்ட அந்த மரபணு வேறுபாடும், ஸ்கங்கிலும் புல்வெட்டும் வேலையிலும் கிடைத்த சான்றுகளும் இயற்கை என்றே சொல்லின.

புல்வெட்டுபவர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள் என்றால், அந்தத் தொழிலாளர்களையே நேராகச் சோதித்தால் என்ன? அதையும் செய்தார்கள். தீவின் தோட்டப் பராமரிப்புத் தொழிலாளர்கள் 132 பேரின் இரத்தத்தைப் பார்த்ததில் 12 பேரிடம், அதாவது நூற்றில் ஒன்பது பேரிடம், ஆன்டிபாடி இருந்தது. இலை ஊதும் மெஷினைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்து கூடுதல். புல்வெட்டியாவது தரையோடு ஒட்டி ஓடுகிறது; ஊதும் மெஷினின் வேலையே தரையில் கிடப்பதைக் காற்றில் எழுப்புவதுதான்.

பரவல் 2000-உடன் முடியவும் இல்லை. ஆண்டுதோறும் சில பேர் என்று தொடர்ந்து, 2006 வரைக்குமான கணக்கு அறுபதை நெருங்கியது. பெரும்பாலானவை நுரையீரல் வகையே. ஒரு ஊரில் ஒரு நோய் வழக்கமாகிவிட்டால் மருத்துவர்களுக்கு அது சீக்கிரம் கண்ணில் படும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேறு எங்காவது ஒரு தோட்டக்காரருக்கு ஜூலையில் நிமோனியா வந்தால், சாதாரண நிமோனியா என்று பெனிசிலின் குடும்பத்து மருந்து கொடுப்பார்கள். துலரீமியாவுக்கு அது கேட்காது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் அல்லது டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வேண்டும். ஆய்வகத்திலும் சிக்கல்: சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் சேர்த்த வளர்ப்பு ஊடகம் இல்லாவிட்டால் கிருமி சரியாக வளராது, வளர்ந்தாலோ, முன்கூட்டிச் சொல்லப்படாத ஆய்வக ஊழியருக்கு ஆபத்து. அதனால் மாதிரியை அனுப்பும்போதே சந்தேகத்தை எழுதி அனுப்ப வேண்டும். ஒரே ஆறுதல், இது மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை; நோயாளியைத் தனியறையில் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

தீவில் இப்போது சொல்லப்படும் அறிவுரைகள் எளிமையானவைதான். வெட்டுமுன் புல்தரையை ஒருமுறை நடந்து பார்த்து, செத்த விலங்கு கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் அப்புறப்படுத்துங்கள். தூசு எழும்பும் வேலைக்கு முகக்கவசம் போடுங்கள். உண்ணிக்கு மருந்து பூசுங்கள், வேலை முடிந்ததும் உடலைத் தடவிப் பாருங்கள். முதலாவதும் மூன்றாவதும் நடக்கும். இரண்டாவதுதான் சிரமம்: தடவிப் பார்த்தால் சிக்குவது உண்ணி, நுரையீரலுக்குப் போகும் தூசு அல்ல. அதைத் தடுக்க வேண்டியது முகக்கவசம்; ஜூலை வெயிலில் நாள் முழுக்க மெஷினைப் பிடித்துக்கொண்டு, நாளுக்கு இத்தனை வீடு என்று ஓடுகிறவர் அதை எத்தனை மணி நேரம் முகத்தில் வைத்திருப்பார்? வீட்டுக்காரர் தன் புல்லைத் தானே வெட்டினால் வாரத்துக்கு ஒருமுறை. தொழிலாளிக்கோ தினமும்.